வடக்குக் கோலின் சொட்டை

1.

இந்தக் கதை ஒரு சொட்டையிலிருந்து பிறந்தது. மறைப்பானேன்? பாசோ தெல் சௌசேயில் எங்கள் எஸ்த்ரெய்யா கால்பந்து கிளப்பின் மைதானத்தில், வடக்குக் கோலுக்கு முன்னால், இரண்டு கட்டில் போடும் அகலத்துக்குப் புல்லே இல்லாத இடம் ஒன்று உண்டு. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து எழுத ஒன்றும் அகப்படவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தவள் நான். உருகுவேக்காரர்கள் சண்டையைக்கூட மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் கோப்பையைக் கைமாற்றிக்கொண்டே போடுவார்கள். அதை வைத்து என்னத்தை எழுத?

கதாநாயகர் வில்மார், மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர். அவருக்கும் சொட்டை. சொட்டைத் தலையர் சொட்டைத் தரையைப் பார்த்து நின்றார் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று முதல் வரைவில் அவருக்கு அடர்த்தியாக முடி வைத்தேன். வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு மட்டும் முளைச்சு மைதானத்துக்கு முளைக்கலைன்னா, உரத்த நான் தலைக்குத் தேய்ச்சிக்கிட்டேன்னு ஊரு சொல்லும். எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன்.

2.

தொடக்கம் ஒன்று: ஜூலை மாதக் குளிரில், தெற்குக் கூரையின் நிழல் மைதானத்தின் மேல் நீண்டு

(நிறுத்து. இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் சூரியன் விஷயத்தில் எனக்குத் தமிழ்ப் புத்திதான். குளிர்காலத்தில் நம்மூரில் தெற்கே சாயும் சூரியன் இங்கே வடக்கே சாயும். ஆகவே வில்லன் வடக்குக் கூரை.)

தொடக்கம் இரண்டு: வடக்குக் கூரையின் நிழலில் வில்மார் குந்தியிருந்தார். வெள்ளிக்கிழமை லீக்கிலிருந்து மைதானத்தைச் சோதிக்கப் பார்வையாளர் வருகிறார். புல் சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆற்றுக்கு அக்கரையில், லா கால்தெராவின் மைதானத்துக்குப் போய்விடும். அந்த ஊர்க்காரனிடம் எங்கள் ஆட்கள் பஞ்சருக்குக்கூடக் காற்று கேட்க மாட்டார்கள்.

"மண்ணுதான் கோளாறு" என்றார் மிர்தா. கிளப் தலைவி, வில்மாருக்கு அண்ணி. "போன வருஷம் ஓடைக் களிமண்ண மேல பரப்புனீங்கல்ல, தண்ணி இறங்கவே மாட்டேங்குது தம்பி."

"அதையேதான் தெக்குப் பக்கமும் பரப்புனேன் அண்ணி. அங்க புல்லு மெத்தையாக் கெடக்கு. மேல பாருங்க."

மேலே பார்க்க மிர்தாவுக்கு இஷ்டமில்லை. மேலே, கோலுக்குப் பின்னால் ஆட்டம் பார்க்க உட்காரும் இடத்தின் தகரக் கூரை. அதன் நெடுகிலும் ஆளுயர எழுத்தில் அவர் கணவரின் பெயர், ரூபென். வில்மாரின் அண்ணன், காலமெல்லாம் இந்தக் கோலைக் காத்த கோலி. அவர் போன மறுவருஷம் மிர்தா வீடு வீடாகப் போய்க் கேட்டுப் போட்ட கூரை அது.

"உங்க அண்ணன் நிழல்ல புல்லு கருகுதுங்கிறீங்களா?"

"கருகல. வெளிறிப்போயி, வெயிலத் தேடி எட்டிப் பாக்குது. ஒரு மிதிக்குத் தாங்கல.*"

"உசுரோட இருந்தப்பவும் டிவிய இப்படித்தான் மறைச்சிக்கிட்டு நிப்பாரு" என்று மிர்தா கோப்பையை நீட்டினார்.

* எங்கள் மைதானத்தில் இருப்பது நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அதே புல். மிதித்தாலும் வெட்டினாலும் சளைக்காது. நிழலில் வைத்தால் மட்டும் ஒரு பருவத்தில் நோஞ்சான் ஆகிவிடும். வெயிலில் படர வேண்டிய கொடி நிழலில் ஒல்லியாக நிமிரும், வேர் ஆழமாகப் போகாது.

3.

இந்த இடத்தில் எனக்கு வில்மார் மேல் சந்தேகம் வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கூரையைத் திட்டுகிற மனுஷன், அந்தச் சொட்டையில் ஒரு தடவைகூட மண்வெட்டி வைத்துப் பார்க்கவில்லை. மண்ணைத் திட்டுகிற மிர்தாவும் தோண்டிப் பார் என்று சொல்லவில்லை. பாத்திரங்கள் என்னிடமே ஒளிக்கிறார்கள் என்றால் எழுத்தாளர் என்று எதற்கு ஒருத்தி?

துருவிக் கேட்டேன். வந்துவிட்டது.

இங்கே கிளப்பே கதி என்று கிடந்தவரின் சாம்பலை மைதானத்தில் தூவுவது வழக்கம். ரூபெனையும் அப்படித்தான். 'ஒவ்வொரு கைப்பிடியா, மண்ணோட கலந்து, மைதானம் பூராவும்' என்று வில்மார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மிர்தா பெட்டியோடு கோலுக்கு முன்னால், அவர் நின்ற இடத்திலேயே குழி பறித்துக் கவிழ்த்துவிட்டார்.

"மனுசன அங்கங்க பிச்சுப் போட மனசு வரல" என்றார் என்னிடம்.

வில்மார் பார்த்துக்கொண்டுதான் நின்றார், தடுக்கவில்லை. ஆக, மேலே நிழலாகவும் ரூபென், கீழே சாம்பலாகவும் ரூபென். நடுவில் பாவம் புல்.

4.

வியாழன் காலை வேறு வழியில்லாமல் தோண்டினார்கள். ஒரு சாண் ஆழத்தில் வெள்ளை. கொஞ்சம் மண், மறுபடி வெள்ளை, மறுபடி மண், கேக் மாதிரி அடுக்கடுக்காக.

மண்வெட்டியில் ஏதோ தட்டியது. மாத்தே உறிஞ்சும் குழல்.

"இது ரூபெனோடது இல்ல. பக்கத்து வீட்டு எடெல்மாவோட செத்துப்போன புருசனோடது" என்றார் மிர்தா.

"அவரு எப்படி இங்க வந்தாரு?"

"ரூபென இங்க கவுத்தத எடெல்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன் தம்பி."

வில்மார் அடுக்குகளைப் பார்த்தார். "அவங்களும் ஒருத்தர்கிட்ட மட்டும்தான் சொல்லியிருப்பாங்க போல. அஞ்சாறு பேரு இருக்காங்க அண்ணி. சாம்பல் ஒரு பிடின்னா உரம். இவ்வளவு இருந்தா உப்பும் சுண்ணாம்பும்தான், வேரு வெந்துபோகும்."

5.

முடிவு (அ): கூரை இறங்குகிறது, சாம்பல் இருக்கிறது. வெயில் ஜோராக அடிக்கிறது. வேர் விட இடமில்லை.

முடிவு (ஆ): சாம்பலை அள்ளிவிட்டு ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, மைதான ஓரத்திலிருந்து புல் பத்தைகளை வெட்டி வந்து பதிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்கும். கூரை இருப்பதால் அடுத்த பருவத்திலேயே மறுபடியும் சொட்

இரண்டையும் அடித்துவிட்டேன். பாதி வைத்தியம் எதற்கு?

நடந்தது இது. தள்ளுவண்டி நிறைய வெள்ளை மண். வில்மார் அதைப் பிடித்தபடி நின்றார், கண் கலங்கிவிட்டது. "அண்ணன எங்க கொண்டுபோயிக் கொட்டுறது அண்ணி? என்னால ஆகாது."

மிர்தா எதிர்க் கோலைப் பார்த்தார்.

"பாதி ஆட்டம் முடிஞ்சா கோலி எந்தப் பக்கம் போவான்?"

"எதிர்ப் பக்கம்."

"அப்ப இவரும் போகட்டும். எல்லாரும் போகட்டும். இந்தத் தடவ மெல்லிசாத் தூவுவோம்."

வண்டியைத் தெற்கே தள்ளிவிட்டுத் திரும்பி வந்தபின்தான் மிர்தா முதல் தடவையாக மேலே பார்த்தார்.

"ஸ்பானர் இருக்கா தம்பி?"

"ஞாயித்துக்கிழமை மழைன்னு சொல்றாங்க."

"அவரு நனைஞ்சிக்கிட்டேதான நின்னாரு? நாமளும் நனைவோம்."

6.

வெள்ளிக்கிழமையை நான் எழுதப்போவதில்லை. தாளில் என்னால் முடி முளைக்க வைக்க முடியும், புல் முடியாது. ஆகவே லீக் பார்வையாளர் நீங்கள்தான். வாருங்கள். கூரைத் தகரங்கள் மதில் ஓரமாக, பெயர் வெளியே தெரிய அடுக்கியிருக்கின்றன. வடக்குக் கோலில் வெயில் விழுகிறது. புதிதாகப் பதித்த பத்தைகளின் தையல் கொஞ்சம் தெரியும். குனிந்து இழுத்துப் பாருங்கள், பிடித்திருக்கிறதா என்று. மிர்தா உங்களுக்கு மாத்தே ஊற்றி வைத்திருக்கிறார். வில்மார் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறார். ஆட்டம் இங்கேயா அக்கரையிலா, நீங்களே சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். தெற்குக் கோல் பக்கம் போனால் பார்த்து நடங்கள். அங்கே கோலி இப்போதுதான் வந்து நிற்கிறார்.