சோதனைக்கூடம் மீன் பிடிக்கப் போனது

கயிறு செய்வது எங்கள் தொழிற்சாலையின் வேலை. அதை அறுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. கப்பலைக் கட்டுகிற வடமானாலும் துணி உலர்த்துகிற கொடியானாலும் எங்கள் இழுவை எந்திரத்தில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுப்போம். எத்தனை கிலோவில் அறுந்தது என்று அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். அக்கா என்பது எங்கள் பிரிவின் தலைவி. டைரக்டரைத் தவிர எல்லோருக்கும் அவர் அக்காதான்.

மேல்மாடியில் இட நெருக்கடி வந்தது. விற்பனை, கணக்கு, சோதனைக்கூடம் ஆகிய மூன்றில் ஒன்று கீழ்த்தளத்துக்கு, ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறைக்குப் போக வேண்டும். அந்த அறையில் மேசைமேல் வைத்த தேநீர்க் குவளை தானாக நடந்து விளிம்புவரை வந்துவிடும். எங்கள் எந்திரத்தை அங்கே வைத்தால் அளவு ஓர் எண்ணில் நிற்காது. நிற்காத எண்ணுக்குக் கீழே அக்கா கையெழுத்துப் போட மாட்டார். கையெழுத்துப் போடாத சோதனைக்கூடத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று கணக்குப் பிரிவு கேட்கும். ஆக, கீழே போவது என்றால் எங்களுக்கு வீட்டுக்குப் போவது.

டைரக்டருக்கு இரண்டு விஷயங்கள் பிரியம். ஒன்று தூண்டில் போடுவது. இன்னொன்று, எதையும் தான் முடிவு செய்யாமல் இருப்பது. இரண்டையும் சேர்த்து அவர் ஓர் அறிவிப்பு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஏரிக்கு உல்லாசப் பயணம். பிரிவுக்கு ஒரு தூண்டில், அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தப் பிரிவு குறைவாக மீன் பிடிக்கிறதோ அது கீழே போகும்.

"மீன் சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க இல்லையா?" என்றார்.

எங்களில் ஒருவருக்கும் தூண்டில் பிடித்த பழக்கம் கிடையாது. ஆனால் தூண்டில் நரம்பு என்பதும் ஒருவகைக் கயிறுதானே என்று அக்கா தைரியமாக இருந்தார். கடைக்காரரிடம் போய், கோல், நரம்பு, கொக்கி எல்லாவற்றிலும் வகைக்கு ஐந்து கேட்டார்.

"பெரிய குடும்பமோ?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நாலு பேர். ஆனா சந்தேகம் நிறைய."

அந்த வாரம் முழுக்க எங்கள் அறை அழகாக இருந்தது. கண்ணாடித் தொட்டியில் ஏரித் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொரு நரம்பாக அதில் இறக்கி, எது கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது என்று குனிந்து பார்த்தோம். சன்னமான நரம்பு தண்ணீருக்குள் போனதும் இல்லாமலே போய்விட்டது. நான் அதைப் பார்த்தபடி எங்கோ போய்விட்டேன். அக்காதான் முதுகில் தட்டி அழைத்துவந்தார். சந்தையில் ஓர் ஏரி மீனை வாங்கி அதன் வாயை அளந்தோம். உடம்புக்குப் பொருத்தமில்லாத சின்ன வாய். பெரிய கொக்கிகள் அதற்குள் நுழையவே நுழையாது. பிறகு வழக்கம்போல இழுக்க ஆரம்பித்தோம். நரம்புகளை அறுத்தோம். கொக்கிகளை நிமிர்த்தினோம். கோல்களை ஒடியும்வரை வளைத்தோம்.

"ஒரு தடவை அறுந்தா அது சேதி. அஞ்சு தடவை அறுந்தாத்தான் முடிவு," என்பார் அக்கா.

முடிவு தெளிவாக வந்தது. சன்னமான நரம்பு, சின்னக் கொக்கி, நுனி இளகிய கோல். மீன் வெட்டி இழுக்கும்போது கோல் வளைந்து அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளும், நரம்பு தப்பிக்கும். இதைவிட நல்ல அறிக்கை எங்கள் கூடத்திலிருந்து வெளிவந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நான் கேட்டேன். "அக்கா, தூண்டில் எங்கே?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மற்ற இருவரையும் பார்த்தேன். எல்லாவற்றையும் உடைத்திருந்தோம்.

"மிச்சம் மீதிய முடிச்சுப் போட்டு..." என்று இழுத்தேன்.

"சோதிச்ச பொருளை உபயோகத்துக்கு விடக்கூடாதுன்னு உனக்கு யாரும் சொல்லித்தரலையா?"

கடையும் ஞாயிறு விடுமுறை. அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தோம்.

எங்களுக்கு இடப்பக்கம் விற்பனைப் பிரிவு. அதன் தலைவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். எந்நேரமும் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி உடுத்துவார். இருப்பதிலேயே விலை உயர்ந்த கோல், திமிங்கலத்தையே இழுத்துவிடும் நரம்பு, கோட் மாட்டி வைக்கலாம் போலிருந்த கொக்கி. வலப்பக்கம் கணக்குப் பிரிவு. அதன் தலைவர் சித்தப்பா, இருப்பதிலேயே மலிவான நரம்பையும் கொக்கியையும் வாங்கி, கோல் வீண்செலவு என்று வீட்டு ஒட்டடைக் குச்சியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளையின் கொக்கியில் புழுவை மட்டும் தின்றுவிட்டு மீன்கள் போயின. சித்தப்பாவுக்கு மீன் மாட்டியது. ஆனால் விறைத்த குச்சியில் ஒவ்வொரு தடவையும் நரம்பு படக்கென்று அறுந்தது. மதியம்வரை மூன்று பிரிவுக்கும் பூஜ்யம்.

எனக்கு மூச்சு வந்தது. இப்படியே சாயங்காலம் ஆகிவிட்டால் யாரும் கீழே போக வேண்டாம்.

அப்போது மாப்பிள்ளை வந்தார். "அக்கா, நீங்க ஏதோ டெஸ்ட் பண்ணீங்களாமே. எதுல மீன் விழும்?"

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் விடுவித்துக்கொண்டார்.

"கேட்டா சொல்லணும்ப்பா. முடிவை மறைச்சா நாம எதுக்கு?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அறிக்கையை அவரிடம் வாசித்துக் காட்டினார்.

மாப்பிள்ளை தன் கோலைப் பார்த்தார். நுனி இளகிய கோல். பிறகு சித்தப்பாவின் மலிவான சன்ன நரம்பையும் சின்னக் கொக்கியையும் பார்த்தார். அலுவலகத்தில் ஒரு பயணப்படி ரசீதுக்காக ஆறு மாதமாக முகம் பார்க்காத இருவர், கால்மணி நேரத்தில் ஒரே தூண்டிலின் இரு பக்கங்களையும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு மீன் வந்தது. வந்துகொண்டே இருந்தது. வாளி நிறைந்து, சித்தப்பாவின் சாப்பாட்டுக் கூடையும் நிறைந்தது. எங்கள் பக்கம் ஒன்றுமில்லை. அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகளை அவ்வளவு சும்மா நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் டைரக்டர் எண்ண வந்தார். "இது யாரு மீன்?"

"எங்களது சார். கோல் எங்களது," என்றார் மாப்பிள்ளை.

"கோலை எந்த மீனாவது கடிச்சுதா? கொக்கி எங்களது," என்றார் சித்தப்பா.

"கரைக்கு இழுத்தது கோல்தானே?"

"நரம்பு இல்லாம இழுத்துக் காட்டுங்க மாப்பிள்ளை, பார்ப்போம்."

"சரி, கணக்குப் பிரிவுக்குப் பூஜ்யம்னு எழுதுங்க சார்."

"விற்பனைக்குத்தான் பூஜ்யம். பூஜ்யத்தை நான் நல்லா எழுதுவேன்."

டைரக்டர் ஒரு வாளியையும் இரண்டு கோபங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பாதி பாதி என்றால் இருவருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். யாருக்கு மீனைக் கொடுத்தாலும் மற்றவர் எங்களோடு பூஜ்யத்தில் நிற்பார். பிறகு பூஜ்யம் வாங்கிய இரண்டு பிரிவுகளில் எது கீழே போவது என்று அவரே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

"என்னம்மா," என்று அக்காவிடம் திரும்பினார். "மீனைக் கரையேத்தினது கோலா, நரம்பா, கொக்கியா? நீங்க சொல்லிட்டா யாரும் பேச முடியாது."

"பார்த்து எல்லாம் சொல்ல முடியாது சார். சோதிச்சுத்தான் சொல்லணும்."

"சோதிங்க. அறிக்கை வரட்டும். அதுவரைக்கும் எல்லாரும் இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

மாப்பிள்ளை தன் கோலைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். எங்கள் கூடத்துக்கு வந்த பொருள் எப்படித் திரும்பும் என்பது அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை நான் எந்திரத்தைத் துடைத்துத் தயாராக வைத்தேன். அக்கா கோலையும் நரம்பையும் கொக்கியையும் எடுத்து, ஜன்னலோரம் பத்திரமாகச் சாத்திவைத்தார். பிறகு ஒரு கப்பல் வடத்தைக் கொண்டுவரச் சொன்னார். எந்த வேலையையும் மறுநாளுக்குத் தள்ளாதவர் அவர்.

மதியம் டைரக்டர் எட்டிப் பார்த்தார். "ஆச்சா?"

"வரிசையில இருக்கு சார்."

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் அவர். இத்தனை நிம்மதியான முகத்தோடு எங்கள் வாசலில் யாரும் நின்று நான் பார்த்ததில்லை.