உப்புத் தண்ணீரில் பீட்ரூட் விதை

செல்லசாமியின் பொலித்தீன் கூடாரத்துக்குள் மண் வெள்ளை பூத்திருந்தது. எட்டிப் பார்க்கிறவர்கள் உறைபனி என்று நினைப்பார்கள். குளிர்ந்த மலையூரான ராகலையில் அது விலைபோகக்கூடிய பொய். உண்மையில் அது உப்பு. வருஷக்கணக்காக உரத்தையும் கோழி எருவையும் மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தான். கூரை மழையை உள்ளே விடாததால் கழுவிக்கொண்டு போக ஆளில்லை. கொடுத்ததையெல்லாம் வாங்கி முடிந்துகொண்ட மண், போன இரண்டு விதைப்பிலும் ஒரு முளையைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

"இந்தத் தடவையும் மொளைக்கலேன்னா நெலத்த வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு தொரை," என்று தேயிலைத் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்து நிலம், பேரம் பேச இடமில்லை.

விவசாயப் போதனாசிரியை கனகாம்பிகையிடம் போய் நின்றான். யாழ்ப்பாணத்துக்காரி, இளகின மனசு. பீட்ரூட் கொஞ்சம் உப்புத் தாங்கும் என்று அலுமாரியில் மிஞ்சியிருந்த கடைசிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"விதையை முதலே உப்புக்குப் பழக்கவேணும், அண்ணை. கொஞ்சமா உப்புப் போட்ட தண்ணியிலை இண்டைக்கு இரவு ஊறப்போடுங்கோ. பேந்து நல்ல தண்ணியிலை கழுவி, நிழலிலை உலர்த்தி விதையுங்கோ."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே மனப்பாடம் செய்தான்: ஊறப்போடணும். மழை பேஞ்சு, நல்ல தண்ணியில கழுவணும்.

வாளியில் ஊறப்போட்டான். வானமோ பூட்டிய கடையாகக் கிடந்தது.

"மலையிலருந்து வர்ற பீலித் தண்ணிக்கு என்ன கேடு? அதுல கழுவுனா ஆகாதா?" என்றாள் மனைவி அழகம்மா.

"படிச்சவங்க சும்மாவா சொல்லுவாங்க? மழத் தண்ணியிலதான்டி உப்பே கெடையாது."

"வெதைய குளிப்பாட்டவும் நல்ல நாள் பாக்கணுமாக்கும்!"

நாலைந்து நாள் கழித்துக் கனகாம்பிகை பார்வையிட வந்தபோது வாளி அப்படியே இருந்தது. மூடியைத் திறந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் அண்ணை இன்னும் ஊறுது?"

"மழ பேயலிங்களே மிஸ். நீங்கதானே பேஞ்சு கழுவச் சொன்னீங்க?"

"பேஞ்சோ? நான் பேந்து எண்டெல்லோ சொன்னனான்! பேந்து எண்டால் பிறகு."

"ஒங்க ஊரு பொறகு எங்க ஊருல மழையாயிருச்சே மிஸ்," என்று அழகம்மா சிரித்தாள். மற்ற இருவரும் சிரிக்காததைக் கண்டு தானும் நிறுத்திக்கொண்டாள்.

"வேற வெத இருக்குங்களா?"

"இல்லை அண்ணை. எப்ப வருமெண்டும் தெரியாது."

அவள் போனதும் செல்லசாமி விதைகளை அள்ளினான். விரலிடுக்கில் விதைத் தோல் வழுக்கிக் கழன்றது. அப்படியே கொண்டுபோய்ப் பாத்தியில் போட்டு மண்ணைத் தள்ளினான்.

"செத்ததுக்கா பாத்தி கட்டுறீங்க?"

"நாளைக்கு கண்டாக்கு வர்றாரு. பாத்தி சும்மா கெடக்கக் கூடாது."

மறுநாள் கண்டாக்கு கூடாரத்துக்குள் தலையை நீட்டினார். "போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

அப்போதுதான் தலைக்குமேல் பொலித்தீனில் படபடவென்று சத்தம் கேட்டது. மழை. கூரையில் விழுந்து, சரிந்து, வெளியே வடிகால் கானில் ஓடியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"ஒனக்கென்னப்பா, மழையும் வந்திருச்சு!" என்றார் கண்டாக்கு, குடையை விரித்தபடி. "மொளச்ச பொறகு வந்து பாக்குறேன்."

"சரிங்க," என்றான் செல்லசாமி. இந்தப் 'பொறகு' அவனுக்கு நன்றாகவே விளங்கியது.