குடுவை கோணலா?

"தலையைக்கூட ஆட்டக் கூடாதா?"

"கூடாது. நீங்க சாட்சிக் கூண்டுல ஏறவே போறதில்ல. டையை நேரா இழுத்து விட்டுக்கிட்டு, சர்ச்ல உக்கார்ற மாதிரி உக்காருங்க. போதும்."

"சர்ச்ல நான் தூங்கிடுவேனே, மிஸ் டார்லீன்."

"இன்னும் நல்லது."

வழக்கறிஞர் டார்லீன் கடைசிக் கோலாச்சி பன்னின் ஜாமை விரலிலிருந்து நக்கிக்கொண்டே கட்சிக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆல்வின் குபேனாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் கண்ணாடி ஊதுகிறவர். கஞ்சா பிடிக்கும் குடுவையைச் செய்து விற்றார் என்பது வழக்கு. தோற்றால் ஒரு வருடம் மாவட்டச் சிறை. டெக்சாஸில் வெயில் காலத்தில் ஃபேன்கூட இல்லாத சிறை அது.

"மறுபடி சொல்றேன், மிஸ்டர் ஆல்வின். வாங்குறவன் அதுல கஞ்சா பிடிக்கப் போறான்னு தெரிஞ்சே நீங்க வித்தீங்கன்னு அவங்க நிரூபிக்கணும். அது அவங்களால முடியாது. நீங்களா வாயைத் திறந்து உதவி பண்ணாத வரைக்கும்."

"எதுக்குன்னு நாங்க கேக்குறதே இல்லையே. எங்க தொழில்ல அது மரியாதையில்ல."

"அந்த மரியாதைதான் உங்களைக் காப்பாத்தப் போகுது."

நீதிமன்றத்தில் அது காப்பாற்றவும் தொடங்கியது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் கார்லண்ட், மாறுவேடத்தில் போய்க் குடுவை வாங்கிவந்த போலீஸ்காரர் ராய்ஸ் டிட்வெல்லைக் கூண்டில் ஏற்றினார். ராய்ஸ் ஞாயிறுதோறும் பாப்டிஸ்ட் சர்ச்சில் குழந்தைகளுக்கு வேதாகம வகுப்பு எடுப்பவர். அவர் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த கருவியின் ஒலிப்பதிவு அறை முழுக்க ஒலித்தது. முதலில் இருமல். பிறகு இன்னொரு இருமல். கஞ்சா என்ற சொல் கடைசிவரை ராய்ஸின் நாவில் ஏறவில்லை.

"அந்த... அந்த நீலக் குடுவை. எங்க அத்தைக்குப் பொறந்தநாள். பூ வைக்க."

"என்ன பூங்க?" என்றது ஆல்வினின் குரல்.

"வயலெட்."

"அப்படின்னா ரெண்டு விரக்கடை தண்ணி போதும். ரொம்ப ஊத்துனா அழுகிடும்."

ஜூரி ஆறு பேரில் கடைசி நாற்காலிப் பெண்மணி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். டார்லீன் தன் தாளில் 'வயலெட்' என்று எழுதி, சுற்றிலும் இதழ்கள் வரைந்தாள்.

ராய்ஸின் முகம் தக்காளியாகிவிட்டது. அந்த ரோஷத்தில்தான், கார்லண்ட் கேட்காமலே சொன்னார்: "அதுவும் உருப்படியான சாமான் இல்ல சார். பாருங்க, கழுத்தே கோணல்."

ஆல்வினின் காதுமடல் சிவந்தது. டார்லீன் மேசைக்கடியில் அவர் பூட்ஸை மிதித்தாள்.

பதினெட்டு வருடமாக மனிதர்களைக் கூண்டில் ஏற்றி இறக்குகிறவர் கார்லண்ட். அந்தக் காது அவர் கண்ணில் பட்டுவிட்டது. வயலெட்டை அப்படியே விட்டுவிட்டு, மெதுவாகக் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். ஜன்னல் வெயில் அதற்குள் புகுந்து, நீதிபதியின் தாள்களின் மேல் ஒரு சின்ன ஏரியைப் போல் நீலமாய்த் தளும்பியது. கொக்கு திரும்பிப் பார்ப்பதுபோல் வளைந்த கழுத்து. நான்கு நாள் வேலை.

"கோணல்னா, கத்துக்குட்டி வேலையா?"

"ஸ்கூல் பையன் செஞ்ச மாதிரி சார்."

"இழுத்தா புகை ஒழுங்கா வருமா?"

"சந்தேகம்தான். பெட்ரோல் பங்க்ல விக்கிறதே இதைவிட நல்லா இருக்கும்."

"ஆட்சேபம்!" டார்லீன் எழுந்துவிட்டாள்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "புகை பிடிக்க லாயக்கில்லன்னு சொல்றாரும்மா. உங்க பக்கத்துக்குத்தானே அது நல்லது? எதுக்கு ஆட்சேபிக்கிறீங்க?"

ஆல்வினைச் சீண்டிக் கூண்டில் ஏற வைக்கத்தான் கார்லண்ட் இதைக் கேட்கிறார். அதை ஜூரி முன்னால் சொல்ல முடியாது. உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆல்வின் கொதிக்கும் கெட்டில்போல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"அரசுத் தரப்பு இத்துடன் முடிகிறது" என்றார் கார்லண்ட். அவர் உட்காராமல் நின்றுகொண்டே சிரித்தது டார்லீனுக்குப் பிடிக்கவில்லை. ஆல்வின் கூண்டில் ஏறினால் கார்லண்ட் கேட்கப்போகும் முதல் கேள்வி அவளுக்கே தெரியும்: இதில் புகை நன்றாக வருமா, மிஸ்டர் குபேனா? இந்த மனிதர் அதற்கு அரைமணி நேரம் சந்தோஷமாகப் பதில் சொல்வார்; எதற்கென்று தெரிந்தே விற்றார் என்பது அதோடு நிரூபணமாகிவிடும்.

"குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சி சொல்கிறாரா?" நீதிபதி கேட்டார். "சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அவருடைய உரிமை. வழக்கறிஞருடையது அல்ல."

டார்லீன் 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். அவள் கோட்டுக் கையைச் சூட்டுத் தழும்பேறிய ஐந்து விரல்கள் இறுகப் பற்றின.

"மிஸ் டார்லீன்," ஆல்வினின் கண்கள் கலங்கியிருந்தன. "அந்தக் கழுத்து தானா கோணிப்போகல. நான் வளைச்சது. அதை மட்டும் சொல்லிட்டு இறங்கிடறேன். ஒரே ஒரு நிமிஷம், என்னை ஏற விடுங்க."