நாத்திகனுக்குப் பரிவட்டம்

திருவாதவூருக்குக் கிழக்கே உள்ள அச்சிற்றூரில் 'நாத்திகன்' என்னும் சொல் ஓயாமல் உழைத்தது. ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைக்கச் சொன்னவன் நாத்திகன். காப்புக் கட்டிய பின் கறி தின்றவன் நாத்திகன். உண்மையிலேயே கடவுள் இல்லை என்றவன் ஒருவனே: மேலூரில் மோட்டார் பழுதுபார்க்கும் முத்துப்பாண்டி.

அம்மன் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவன் குடும்பத்துக்கு உரியது. அவன் தந்தை மறைந்ததும், அந்தச் சிவப்புப் பட்டுத் தன் தலைமேல் ஏற வேண்டும் என்று கோயில் தலைவர் மருது விரும்பினார்.

"சாமி இல்லைங்கிறவனுக்குப் பரிவட்டம் எதுக்கு மாப்ள?"

"சாமிக்காகவா கேக்குறேன் மாமா? எங்கப்பா தலையில இருந்த துணி. அதை உங்க தலையில பாக்க மனசு வரல."

"அப்பப் பூ கட்டிக் கேட்டுருவோம். ஆத்தா சொல்லட்டும்."

பூசாரி சுடலை செவ்வரளியையும் வெள்ளரளியையும் தனித்தனி இலையில் பொதிந்து அம்மன் திருவடியில் இட்டார். சிவப்பு வந்தால் முத்துப்பாண்டிக்கு. வெள்ளை வந்தால் மருதுக்கு. ஒரு சிறுமி ஒரு பொதியை எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு.

"புள்ள பாத்து எடுத்துருச்சு. செல்லாது" என்றார் மருது.

கண்ணைக் கட்டி எடுக்கச் செய்தார்கள். அப்போதும் சிவப்பே வந்தது.

"இலையை மாத்திக் கட்டுங்க பூசாரி."

"ஆத்தா வாயத் தொறந்து சொல்லிருச்சுண்ணே. இன்னும் எம்புட்டுத் தடவை கேக்குறது?"

"ஆத்தா சொல்லிட்டா ஆயிருச்சா? கமிட்டின்னு நாங்க எதுக்கு இருக்கோம்?"

கூட்டத்தில் எவரோ சிரித்துவிட்டார். மருது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

திருவிழா நாளில் முத்துப்பாண்டி பரிவட்டத்துக்குத் தலை கொடுத்தான். பூசாரி குட்டையானவர், ஆகவே நன்றாகவே குனிய நேர்ந்தது. அவன் அம்மனைப் பணிந்தான் என்று பெண்கள் குலவையிட்டார்கள். அவனோ தந்தையின் பட்டைத் தொட்டுப் பார்த்து, ஒருவரும் அறியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இல்லை என்றவனையும் தன் முன்னே நிறுத்திக்கொள்ள அம்மனுக்கு ஒரு முழம் பட்டுப் போதுமானதாக இருந்தது.

மருது வேப்பமரத்தடியில் நின்றார். கைகூப்பவில்லை. திருநீற்றுத் தட்டு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செல்லூரிலிருந்து அவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சத்யப்ரியா வேப்பமரத்தடியைக் கண்ணால் காட்டிப் பூசாரியிடம் மெல்லக் கேட்டாள்: "இந்த ஊர்ல நாத்திகர் ஒருத்தர் இருக்காருன்னாங்களே, அவருதானா?"

"சத்தமாக் கேக்காதத்தா" என்றார் சுடலை. "அவருதான் கோயில் தலைவரு."