இரைச்சல் டாக்டர் உட்கார்ந்தபோது

செல்லம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, ஆய்வகத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நரம்பு செல்களை வளர்த்து, வேளாவேளைக்கு ஊட்டம் மாற்றி, சூடு கொஞ்சம் இறங்கினாலும் பதறிப்போகிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? கிண்ணத்தின் அடியில் அவளே செய்த பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர்கள் வரிசையாக இருந்தன. மேலே குடியிருக்கும் செல் ஒன்று மின்சாரத்தில் லேசாகத் துடித்தால், அடியில் இருக்கும் டிரான்சிஸ்டர் அதைப் பிடித்து, பெரிதாக்கி, திரைக்கு அனுப்பும். அனுப்ப வேண்டும் என்பது திட்டம்.

ஆனால் மாதக்கணக்கில் செல்கள் மூச்சு காட்டவில்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கைகால் நீட்டிக்கொண்டு சுகமாகத்தான் இருந்தன. திரையில் மட்டும் வெறும் கோடு. வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. அன்றைக்குத் துடிப்பைக் காட்டாவிட்டால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள். அவள் வேலையும் அதோடு போகும்.

ஒரேயடியாக வெறும் கோடு என்றும் சொல்லிவிட முடியாது. மதியம் ஒரு வேளை மட்டும் செல்கள் துள்ளும். அதுதான் அவளுடைய தீராத வயிற்றெரிச்சல்.

அவள் கணவனுக்குக் கீழ்மாடியில் வேலை. கட்டடம் முழுக்க அவனை இரைச்சல் டாக்டர் என்பார்கள். எந்த ஆய்வகத்தின் கருவியில் தேவையில்லாத மின் இரைச்சல் வந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வந்து, சுற்றிப் பார்த்து, ஒரு வயரைப் பிடுங்கிவிட்டு, "இப்ப பாருங்க" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு போவான். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தினமும் அவளிடம் வருவான். அறையின் மூலையில் கிடக்கும் சுழல் நாற்காலியில் தொப்பென்று விழுவான். அந்த நொடியே திரையில் கோடு எகிறிக் குதிக்கும். நாற்காலியை ஏற்றி இறக்கிக் கால் நீட்டி அவன் கதையடிக்கும் நேரமெல்லாம் குதித்துக்கொண்டே இருக்கும். அவன் எழுந்து போனால் மறுபடி மௌனம்.

"பார்த்தியா, உன் பிள்ளைங்களுக்கு என்னைத்தான் பிடிச்சிருக்கு" என்றான் ஒரு நாள், வாயில் சோற்றோடு.

"அதுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. உன்னை எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியலைங்கறதுக்காக அதுக்குத் தெரியாதுன்னு சொல்லிட முடியுமா?"

ஊட்டுகிறவள் ஒருத்தி, துடைக்கிறவள் ஒருத்தி, சூடு பார்த்து விழித்திருக்கிறவள் ஒருத்தி, மூன்றும் அவளே. எங்கிருந்தோ வந்து ஒரு வேளை எட்டிப் பார்க்கிறவனைக் கண்டால் மட்டும் குழந்தை கைகொட்டிச் சிரித்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? செல்லம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. அறிவியல் படித்தவள் இப்படிப் பொறாமைப்படலாமா என்றால், படக்கூடாதுதான். பட்டாள்.

இரைச்சல் டாக்டரையே கூப்பிட்டு இது இரைச்சலா என்று கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நோயாளிதான் டாக்டரைக் கூப்பிடுவான். நன்றாக இருக்கும் ஒரே ஒரு இடத்தைக் காட்டி, இதைக் குணப்படுத்துங்கள் என்று எவன் கூப்பிடுவான்? டாக்டருக்கோ அது தன்னுடைய வசீகரம். வசீகரத்துக்கு யார் பரிசோதனை செய்துகொள்வார்கள்?

ஆய்வகத் தலைவருக்கு விஷயம் தெரிந்தபோது செல்லம்மா திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றாள். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காரணத்தை அப்புறம் பார்த்துக்கலாம்மா. துடிக்குதா இல்லையா, அதுதான் முக்கியம். வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்துடுங்க."

"சார், அவரைக் கருவின்னு எப்படி சார் குழுகிட்ட சொல்றது?"

"சும்மா வந்து உட்காரட்டும். ஏன் உட்கார்ந்தாருன்னு யார் கேட்கப்போறா?"

சேதி கேட்டுக் கணவன் தரையில் கால் பாவாமல் நடந்தான். குழு முன்னால் போட்டுக்கொள்ள நீலச் சட்டையை எடுத்து வைத்தான். அம்மாவிடமும் சொல்லிவிட்டான்.

அத்தை, அதாவது அவனுடைய அம்மா, அவர்களோடுதான் இருந்தார். கணவனும் மனைவியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருவருக்கும் வாயில் வருவது 'நீ'தான். அத்தை காதில் விழும்போது மட்டும் செல்லம்மா 'நீங்க' என்று மாற்றிக்கொள்வாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாக்கையும் மாற்றிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட இடறியதில்லை.

வியாழக்கிழமை மாலை அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தொடரில் மருமகள் அழத் தொடங்கிய நேரம். நிறுவனம் கழித்துக்கட்டிய அதே வகைச் சுழல் நாற்காலிகளில் ஒன்றைக் கணவன் வீட்டுக்கும் தூக்கி வந்திருந்தான். அதில் தொப்பென்று விழுந்தான். டிவி கறுத்துப்போய், கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது.

"நீ வந்து உட்கார்ந்தாலே இது கண்ணை மூடிக்குது" என்றார் அத்தை. "அங்கே செல்லெல்லாம் உன்னைப் பார்த்துத் துள்ளுதுங்கறே. இங்கே டிவிக்கு உன்னைப் பிடிக்கவே மாட்டேங்குதே."

வழக்கமான கேலிதான். செல்லம்மாவும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பொறி தட்டியது.

கணவன் குளிக்கப் போனதும் அவளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மெதுவாக உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை. அவனை மாதிரி தொப்பென்று விழுந்தாள். டிவி கறுத்தது. மறுபடி விழுந்தாள். மறுபடி கறுத்தது.

"உனக்கு என்னம்மா ஆச்சு, நீயுமா?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்லை அத்தை. நாற்காலி சரியா இருக்கான்னு பார்த்தேன்."

நாற்காலியின் தண்டு சட்டென்று அமுங்கும்போது, உரசிச் சேர்ந்த மின்னூட்டம் ஒரு கணத்தில் பாய்கிறது. பாய்ந்தால் அறை முழுக்க ஒரு ரேடியோ அதிர்ச்சி. டிவியின் கேபிளுக்கே அது கேட்கிறது என்றால், மில்லிவோல்ட்டுக்கும் கீழே காது வைத்திருக்கும் டிரான்சிஸ்டருக்குக் கேட்காதா? கிண்ணத்தைச் சுற்றிச் செம்புவலைக் கூண்டு இருக்கிறது. இந்த மாதிரி வெளிச் சத்தத்தைத் தடுப்பதற்கென்றே இருப்பது. ஆனால் ஊட்டக்குழாய் போவதற்காக அதன் கதவை முதல் நாளிலிருந்தே ஒருக்களித்துத்தான் வைத்திருந்தாள். பரவாயில்லை, பிறகு சரிசெய்யலாம் என்று.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆய்வகத்துக்குப் போனாள். செல்களைச் சூட்டுப்பெட்டியிலேயே விட்டுவிட்டு, அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தில் வெறும் உப்புத்தண்ணீர் ஊற்றிக் கூண்டுக்குள் வைத்தாள். நாற்காலியில் விழுந்தாள். திரையில் கோடு எகிறிக் குதித்தது. உப்புத்தண்ணீரும் துள்ளுகிறது.

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம். துள்ளல் பொய் என்றால் கையில் ஒன்றுமே இல்லை. தலைவர் வந்ததும் வராததுமாக ஓடினாள்.

"சார், ஒரு விஷயம். அந்தத் துடிப்பு வந்து..."

"எதுவானாலும் குழு போன பிறகும்மா" என்றார் அவர், கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டே. காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சரி, அப்படியானால் அப்படியே நடக்கட்டும் என்று அவளுக்குள் ஒரு குறும்பு ஏறி உட்கார்ந்தது. கிண்ணத்தை மாற்றவில்லை.

குழுவில் மூன்று பேர். தலைமை தாங்கிய அம்மையாருக்கு முழங்கால் வலி. வந்ததிலிருந்து அந்தச் சுழல் நாற்காலியைப் பார்த்தபடியே இருந்தார். தலைவர் அவரை மரியாதையாக ஒரு மர ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். இரைச்சல் டாக்டர் உள்ளே வந்தான். நீலச் சட்டையில் ஒரு மடிப்புக்கூட இல்லை. அதைப் பார்த்ததும் செல்லம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இவனிடமாவது காலையில் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அதற்குள் அவன் உட்கார்ந்துவிட்டான்.

கோடு எகிறியது. குழு முன்னால் சாய்ந்தது.

"அருமை" என்றார் குழுவில் ஒருவர். "இவ்வளவு பெரிய துடிப்பை நான் பார்த்ததே இல்லை."

"நானும் பார்த்ததில்லை சார்" என்றாள் செல்லம்மா. "அந்தக் கிண்ணத்துல செல்லே இல்லை. உப்புத்தண்ணி."

தலைவர் முகம் வெளிறியது. செல்லம்மா நாற்காலிக் கதை முழுவதையும் சொன்னாள். வேலை போவது போகட்டும், நாற்காலியை நரம்பு என்று சொல்லிக்கொண்டு திரிய முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது.

கணவன் முகம் வாடித்தான் போயிற்று. ஆனால் இரைச்சல் டாக்டர் என்பது சும்மா வைத்த பெயரா? மெல்ல எழுந்து, குனிந்து நாற்காலியின் அடியைப் பார்த்தான். மறுபடி தொப்பென்று விழுந்து திரையைப் பார்த்தான். எகிறியது.

"அட, நான்தான் இரைச்சலா" என்றான். சொல்லும்போதே வாய் காது வரை போயிற்று. கட்டடம் முழுக்கத் தேடிப் பிடிக்கிறவனுக்குத் தன்னையே பிடித்துவிட்ட சந்தோஷம். மூன்றாவது தடவை விழப்போனவனைச் செல்லம்மா சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நல்லது" என்றார் அம்மையார். "எனக்கு உப்புத்தண்ணியைக் காட்டி உண்மையைச் சொன்ன முதல் ஆள் நீதான்மா. ஆனா நான் வந்தது செல்லைப் பார்க்க. அது எங்கே?"

செல்லம்மாவிடம் ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அதையும் சோதித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. கணினி ஒரு வேலை செய்யும்: முந்தின நாள் வந்த துடிப்புகளின் உயரத்தைப் பார்த்துத் திரையில் ஒரு எல்லைக்கோடு போடும். அந்தக் கோட்டைத் தாண்டியது துடிப்பு; தாண்டாதது குப்பை. குப்பையைத் திரையில்கூடக் காட்டாமல் எறிந்துவிடும். தினமும் மதியம் நாற்காலி குதித்த குதிப்பில் அந்தக் கோடு எங்கேயோ உச்சாணிக்குப் போயிருந்தது. செல்லின் சின்னத் துடிப்பு வந்திருந்தாலும் குப்பையாகத்தான் போயிருக்கும்.

கூண்டுக்குள் செல் கிண்ணத்தை வைத்தாள். ஊட்டக்குழாயைக் கழற்றிவிட்டுக் கதவை முதல் தடவையாக முழுதாகச் சாத்தினாள். கணவன் நாற்காலியைத் தாழ்வாரத்துக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டு வந்தான். ஸ்டூலையும் நம்பாமல் எல்லோரையும் நிற்கச் சொன்னாள். அம்மையார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பழைய எல்லைக்கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லிக் கணினியைத் தட்டினாள். கோடு இறங்கியது, இன்னும் இறங்கியது, திரையின் அடிவரை வந்து நின்றது.

ஒன்றும் இல்லை. தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

பிறகு ஒரு சின்ன முள் எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அடுத்த டிரான்சிஸ்டரில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கப் பொடிப்பொடியாகத் துடிப்பு, ஒன்று தொடங்க மற்றது பதில் சொல்வதுபோல. அம்மையார் முழங்காலை மறந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"எவ்வளவு நாளா இப்படித் துடிக்குது?"

"முதல்லேருந்தே துடிச்சிருக்கும் மேடம்" என்றாள் செல்லம்மா. "நான்தான் கோட்டை மேலே போட்டு வெச்சிருந்தேன்."

தனியாக நின்று ஊட்டம் மாற்றிய காலையெல்லாம், என்கிட்ட மட்டும் பேச மாட்டீங்களா என்று மனசுக்குள் திட்டிய நேரமெல்லாம், அவை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. அவள் அழுதாள் என்று யாராவது சொன்னால் மறுப்பாள். கண்ணைத் துடைத்தது உண்மை.

கணவன் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றான், நகர்ந்தான், குனிந்து முகத்தைக் காட்டினான். துடிப்பில் எந்த மாற்றமும் இல்லை.

"என்னை ஒரு பொருட்டாவே மதிக்கலையே" என்றான் காதோடு.

"உன்னை அதுக்குத் தெரியவே தெரியாது." இதைச் சொல்வதில் இவ்வளவு ஆனந்தம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

திட்டம் தொடரும் என்று அம்மையார் நின்றபடியே சொல்லிவிட்டு, உட்காருவதற்காகத் தாழ்வாரத்துக்குப் போனார். தலைவரும் பின்னாலேயே ஓடினார். எல்லைக்கோட்டை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று தனக்கு எப்போதோ தோன்றியதாக அவர் சொல்லிக்கொண்டு போனது உள்ளே வரை கேட்டது.

மாலை வீட்டில் அத்தையின் தொடர் உச்சத்தில் இருந்தது. அழுத மருமகள் பதில் பேச வாய் திறக்கிறாள். கணவன் நாற்காலியை நோக்கிப் போனான்.

"டேய், உட்காராதே, நில்லு" என்று செல்லம்மா கத்தினாள்.

கத்திய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. கணவன் பாதி குனிந்த வாக்கில் அப்படியே நின்றான். அத்தை டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்பாடா" என்றார். "நீங்க, வாங்க, போங்கன்னு நீ அவன்கிட்ட பேசறதைக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சும்மா. மாடிப்படியில ரெண்டு பேரும் எப்படிச் சண்டை போட்டுக்கிட்டு வர்றீங்கன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமானதுலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.