ஆரஞ்சுத் தோல் வேகும் வீடு

வெள்ளையைச் சுரண்டாமல் போட்டால் தண்ணீர் கசந்து அந்தக் கசப்பு மூக்கு வரைக்கும் வரும் என்று மாடி டீச்சர் சொன்னார், சரி, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று ஆரஞ்சின் தோலைச் சுரண்டி முடிப்பதற்குள் எனக்கு நகக்கண் எரிகிறது, மணி இரண்டே கால், அண்ணன் நான்கு மணிக்கு வருகிறான், நான்கு என்றால் நான்கு, அண்ணியும் வருகிறாள், அவளுடைய மூக்கும் கூடவே வருகிறது... என்ன நினைப்பு இது, நான்தானே வரச் சொன்னேன்? பத்து நாளுக்கு முன்னால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பா காதில் விழக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு, போனில் சொன்னேன், என்னால முடியலண்ணா, பதினாலு மாசமாச்சு, இனிமே நீ அப்பாவ வச்சுக்கோ என்று. வந்து பார்க்கிறேன், பார்த்துட்டு முடிவு பண்ணுவோம் என்றான். பல் டாக்டர் ஒன்றாம் தேதி வரைக்கும்தான் என் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பாராம், பத்தொன்பது வருஷம் நான் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்த நாற்காலி, இன்றைக்குத் தேதி இருபத்தாறு. ஆக, அண்ணன் இன்றைக்கு என்ன பார்க்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பால் பாத்திரத்தில் முக்கால் அளவு தண்ணீர், தோல், பட்டை இரண்டு துண்டு, கிராம்பு ஆறு, ஒரு ஆப்பிளின் தோல், புதினாத் தண்டு கடைசியில். தளதளவென்று கொதிக்க விடக்கூடாது, சிம்மில் வைத்து ஆவி மட்டும் மெதுவாக எழும்பணும், தண்ணீர் குறையக் குறைய ஊற்றணும். ஊதுபத்தி ஏற்றினால் அப்பாவுக்கு இருமல் வருகிறது, டப்பாவில் வரும் ஸ்ப்ரேயை அடித்தால் கெட்ட வாடையும் பூ வாடையும் சேர்ந்து அது ஒரு தனிக் கண்றாவி. வாடை என்றால்... எனக்கு இப்போது தெரிவதே இல்லை, அதுதான் பயம். ரப்பர் விரிப்பு, ஃபினாயில், முதுகுப் புண்ணுக்கான களிம்பு, எவ்வளவு துவைத்தாலும் போகாத அந்த மற்றது, எல்லாம் சேர்ந்து என் மூக்குக்குப் பழகிவிட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலிலேயே நிறுத்திவிட்டு, நீங்களே உருட்டிக்கிறீங்களாம்மா என்றபோதுதான் உறைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் பின்னலைப் பிரித்து முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் அழுகையை வரவழைத்தது. போன தடவை அண்ணி பத்து நிமிஷமும் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை, சளி என்றாள், சளியாம் சளி! காரில் போகும்போது என்ன பேசியிருப்பாள், வீட்டை வச்சிருக்கா பாரு லட்சணமா என்றுதானே? இன்னொரு தடவை என் மானம் கப்பலேறக்கூடாது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "என்ன... அடுப்புல?" அப்பாவின் குரல், ஒவ்வொரு வார்த்தையையும் தேடிப் பிடித்து எடுத்து வைக்கிற குரல். ஒண்ணுமில்லப்பா, ஆரஞ்சுத் தோல், சும்மா வீடு மணக்கட்டுமேன்னு. "யாரு... வர்றா?" பாருங்கள், வலது கை போய், வலது கால் போய், பாதிப் பேச்சும் போய், அந்த மோப்பம் மட்டும் போகவில்லை இந்த மனுஷனுக்கு! முப்பத்திரண்டு வருஷம் சுகாதார ஆய்வாளர், ஹோட்டல் வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்தால் போதும், பின்கட்டில் எந்தச் சாக்கடை அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். முதலாளிகள் நடுங்குவார்கள். வாசல்ல வாசனை தூக்கலா இருந்தா நேரா கொல்லைக்குப் போகணும் என்று சாப்பிடும்போது எங்களுக்குச் சொல்வார், அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், சாப்பிடுற நேரத்துல பேசுற பேச்சா இது என்று. அண்ணனும் அண்ணியும் வர்றாங்கப்பா, சும்மா பார்த்துட்டுப் போக. அவர் ஓகோ என்றுகூடச் சொல்லவில்லை. போன் பேசியது அவருக்குக் கேட்டிருக்குமோ? குழாய் அவ்வளவு சத்தம் போட்டதே... கேட்டிருக்காது. கேட்டிருந்தால்தான் என்ன, நான் என்ன கொலையா செய்தேன், பெற்ற பிள்ளை வீட்டுக்குத்தானே அனுப்புகிறேன்?

மூன்று மணி. தண்ணீர் ஊற்றினேன். கிராம்பு கொஞ்சம் தூக்கல்தான், சமையலறை பல் டாக்டர் கிளினிக்காகிவிட்டது, கிளினிக்கில் எந்நேரமும் இந்தக் கிராம்பு எண்ணெய் வாடைதான், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், உட்காருங்க, அடுத்தது நீங்கதான், பயப்படாதீங்க, வலிக்காது... எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். மத்தியானம் நானும் நர்ஸும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டரின் விக்கைப் பற்றிச் சிரித்த சிரிப்பு! வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாகிறது? ஒன்றாம் தேதி காலையில் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையணும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்கு முகம் மழித்தேன். விரிப்பு மாற்றினேன். நகம் வெட்டினேன். வாளியையும் பழைய துணிகளையும் பின்பக்க பால்கனிக்குத் தள்ளி மேலே ஒரு பலகையைச் சாத்தினேன். மாடி டீச்சர் படியில் நின்று, "எதுக்குடி இவ்வளவு மெனக்கெடுறே? உள்ளத உள்ளபடி பார்க்கட்டுமே" என்று கேட்டதற்கு, வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டு உட்காரவா டீச்சர் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அவர் விவரம் தெரியாமல் பேசுகிறார். உள்ளதை நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன், மூக்கால் வேறு தெரியவேண்டுமா?

நான்கு அடித்ததும் வாசல் மணியும் அடித்தது. அண்ணன் செருப்பைக் கழற்றும்போதே நிமிர்ந்தான். "அட! என்ன இது, பெரிய ஹோட்டலுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு!" அண்ணி கண்ணை மூடி இழுத்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை, கைக்குட்டை பைக்குள்ளேயே இருந்தது. எனக்கு... உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு உச்சி குளிர்ந்தது, வெட்கக்கேடு, ஆனால் குளிர்ந்தது. அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் தலையணை வைத்து உட்கார்த்தியதைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எப்படிப்பா இருக்கீங்க? "நல்லா... இருக்கேன்." சாப்பிடுறீங்களா? "ரெண்டு... வேளை. நல்லா." டீ கோப்பையை இடது கையால் தூக்கினார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை! நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன், நேற்றுக் காலையில் நான் ஊட்டும்போது பாதி என் புடவையில் கொட்டிய மனுஷன், இதென்ன நாடகம், யாருக்காக? ஒரு மணி நேரம். ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை, அசையவில்லை, நெற்றி மட்டும் வேர்த்திருந்தது.

அண்ணன் என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிவந்தான். "நீ போன்ல சொன்னப்போ நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். இவ்வளவு நல்லா வச்சிருக்கே. அங்க நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம், ஆள் போட்டாலும் உன்னை மாதிரி வருமா, நீயே சொல்லு." சொல்லு, சொல்லு, இப்போது சொல்லு, பலகையை நகர்த்தி வாளியைக் காட்டு, ராத்திரி மூன்று தடவை எழுந்து புரட்டிப் போடுவதைச் சொல்லு, ஒன்றாம் தேதியைச் சொல்லு... இதைச் சொன்னால் அந்த வாசனையும் பொய் என்றாகிவிடுமே, அண்ணி பைக்குள் கையை விடுவாளே என்றுதான் எனக்குத் தோன்றியது, சத்தியமாக அதுதான் தோன்றியது, இப்படியும் ஒருத்தி இருப்பாளா? சரிண்ணா என்றேன். அண்ணி எட்டிப் பார்த்து, இதுல என்னென்ன போட்டிருக்கே, எனக்கும் சொல்லேன் என்றாள். தோலின் வெள்ளையைச் சுரண்டிடணும் அண்ணி, கிராம்பு ஆறுக்கு மேல போடாதீங்க என்று நான் ஒன்று விடாமல் சொன்னேன், அவள் போனில் குறித்துக்கொண்டாள்.

கார் போன சத்தம் கேட்டதும் அப்பா நாற்காலியில் அப்படியே சரிந்தார். வேட்டி, நாற்காலி, தரை எல்லாம் நனைந்தது, அவ்வளவு நேரமும் அடக்கிவைத்திருந்திருக்கிறார், வாயில் ஒரு சத்தம் வந்தது, வலியா, ஆசுவாசமா தெரியவில்லை. நான் துடைத்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உங்களை யாருப்பா நடிக்கச் சொன்னது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை டீயைக் கொட்டியிருக்கக்கூடாதா? கேட்டேவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார், இடது கையால்.

"போன்ல... நீ சொன்னது... கேட்டேன்."

குழாயை அவ்வளவு திறந்துவிட்டிருந்தேனே.

"போயிடலாம்னு... இருந்தேன். நீ பாவம். வேலைக்குப் போகட்டும்னு. அவன் வந்ததும்... நானே சொல்லணும்னு... பத்து நாளா வார்த்தை... சேர்த்து வச்சேன்." எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன். "மத்தியானம்... நீ தோல் வேக வச்ச. வாளிய மறைச்ச. ஓகோ... பொண்ணுக்கு... அனுப்ப மனசில்லன்னு..." சிரித்தார், பாதி வாயால், பதினான்கு மாசத்தில் நான் பார்க்காத சிரிப்பு. "அதான்... நானும்... காட்டிக்கல."

இல்லப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது மானத்துக்காகப்பா, அண்ணியின் மூக்குக்காகப்பா, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லைப்பா, நாளைக்கே அண்ணனைக் கூப்பிடுகிறேன், அந்தச் சேர்த்துவைத்த வார்த்தைகளைச் சொல்லுங்கள்... சொல்லாமல் ஈரத் துணியை எடுத்தேன். முப்பத்திரண்டு வருஷம் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுகிற மனுஷன், இதில் மட்டும் ஏமாந்துவிட்டாரே என்றுதான் முதலில் நினைத்தேன், துணியைப் பிழிந்துகொண்டே. பிழிந்து முடிக்கும்போது, ஏமாறவில்லை என்றால், எனக்கே தெரியாத என் மனசைத்தான் முகர்ந்துவிட்டார் என்றால் என்ற நினைப்பு வந்தது, அதோடு ஒரு பயமும் வந்தது, அந்தப் பயம் எதைப் பற்றி என்று யோசிக்காமல் நான் தரையை மறுபடி துடைக்க ஆரம்பித்தேன்.