மச்சான் கொண்டுவந்த கட்டை

1

கிட்டே வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ஒரு கதை சொல்கிறேன். முழுக் கதை என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். கண் பரிசோதனைக்குப் போயிருந்தபோது, மருத்துவமனை பெஞ்சில் பக்கத்திலிருந்த பெண் சொன்னது இது. உள்ளே அவளுடைய அண்ணன், தலையில் கட்டோடு, நினைவில்லாமல். பாதியில் நர்ஸ் கூப்பிட, எழுந்து போய்விட்டாள். மீதியை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மரம் கடைவதில் அவள் புருஷனை மிஞ்ச ஆளில்லை.' பொய். மிஞ்சுகிறவன் அவள் அண்ணன். அடித்துவிட்டேன். அடுத்தது: 'புருஷன் நல்லவன்தான், ஆனால்—'

(இது முடியவே மாட்டேன் என்கிறது. அப்படியே கிடக்கட்டும்.)

மரம் கடையும் போட்டி ஒன்றின் இறுதிச் சுற்றுக்கு அண்ணனும் புருஷனும் வந்திருந்தார்கள். அந்தச் சுற்றில் ஒரு வழக்கம்: ஒருவர் கொண்டுவரும் கட்டையை எதிராளிதான் லேத் என்கிற சுழல் இயந்திரத்தில் மாட்டிக் கிண்ணமாகக் கடைய வேண்டும். முந்தின நாள் அவள் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தபோது, புருஷன் கட்டையின் விரிசலில் பசை ஊற்றி, மேலே மரத்தூள் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது, போட்டிக்கட்டைதானே?"

"உங்க அண்ணன் கடையப்போற கட்டை. கொஞ்சம் பவுடர் போட்டுவிடறேன்."

"தெறிச்சிடாதா?"

"முழு வேகத்துல சுத்தினாத்தான் தெறிக்கும். மெதுவாத்தானே ஆரம்பிப்பாரு? கிண்ணம் மெலிசாகும்போது ரெண்டா விட்டுக்கும், அவ்வளவுதான். மூணு வருஷமா கோப்பையோட வந்து நம்ம வீட்டுலயே காபி குடிச்சிட்டுப் போறாரு. ஒரு தடவை வெறுங்கையோட வரட்டுமே."

அவள் சிரித்தாள். (இதை நான் சேர்க்கவில்லை. அவளே சொன்னாள், இரண்டு தடவை.)

3

போட்டியன்று முன்வரிசையில் அவள். கட்டையைத் தட்டிப் பார்க்கும்படி அண்ணனிடம் சொன்னார் நடுவர். நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது சொத்தென்று காட்டிக்கொடுக்கும்.

"மச்சான் கொண்டாந்த கட்டையத் தட்டிப் பாக்கறதா? அவரையே தட்டிப் பாக்கற மாதிரி இருக்கும் சார்!" என்றான் அண்ணன். கூட்டம் சிரித்தது. பிறகு தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தான். "பாரு, இன்னிக்கு எடுத்த எடுப்புலயே முழு வேகம்!"

வேகத்தின் குமிழை முழுக்கத் திருகிவிட்டு, சுவிட்சின் மேல் விரல் வைத்தான். புருஷன் தன் உளியையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அவள் வாயைத் திறந்தால், இத்தனை பேர் நடுவில் புருஷன் தலை குனிவான். அப்புறம் அந்த வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? திறக்காவிட்டால்...

4

அவளுக்காக ஒரு முடிவு எழுதினேன்: கத்தினாள், லேத்தின் இரைச்சலில் அது அண்ணன் காதில் விழவில்லை. ஆசையாசையாக எழுதினேன். ஆனால் விசில் ஊதும்வரை சுவிட்சைப் போடக் கூடாதாம். அவளே சொன்னதுதான். குண்டூசி விழுந்தாலும் கேட்கும் அமைதியாம். நடுவர் விரல்விட்டு எண்ணினாராம்: மூன்று, இரண்டு, ஒன்று. அந்த முடிவையும் அடித்துவிட்டேன்.

இன்னொரு முடிவையும் எழுதினேன். அதைப் படித்துக்காட்ட எனக்கு மனசு வரவில்லை.

அந்த மூன்று எண்ணிக்கையை உங்களிடமே விட்டுவிடுகிறேன் கண்ணுகளா. அவளைக் குற்றம் சொல்லுமுன் ஒரு தடவை அவள் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

உங்கள் வீட்டில் கூடப் பிறந்தவரும் கைப்பிடித்தவரும் ஒரே விளக்கடியில் சிரித்துப் பேசட்டும். இருவரில் யாரைக் காப்பது என்று எண்ணும் நேரம் உங்கள் வாசற்படி ஏறாமலே போகட்டும்.